கப்பல் கொட்டிய தண்ணீருக்குக் கீழே நிறுத்திய படகு

பெயர் இந்த வாக்குமூலத்தின் மேல்தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தொன்று. துறைமுகச் சுவரை ஒட்டிய கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பது என் தொழில். துறைமுக எல்லைக்குள் படகை ஓட்டிச் சரக்குக் கப்பலின் வேலையைத் தடுத்ததாக என்மீது புகார். தடுத்தேன்தான்.

இன்று காலை கயிறுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் தம்பி போன் செய்தான். அவன் அந்தக் கப்பலில் பம்ப் ஆள். காலிக் கப்பல் ஆடாமலிருக்க வேறு துறைமுகத்தில் நிரப்பிய கடல்நீரைக் கரைக்கு வருமுன் ஆழ்கடலில் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. புயலில் ஒரு தொட்டியை மட்டும் மாற்ற முடியாமல், அதைத் தொடாமல் வைத்திருந்தார்களாம். சரக்கு ஏற ஏறக் கப்பல் அந்தத் தொட்டிப் பக்கமே சாய்ந்ததால், கப்பல் அதிகாரி அதையே காலி செய்யச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, தொறந்துட்டேன். மனசே கேக்கல. கயித்தையெல்லாம் தூக்கிடு" என்றான்.

"தூக்கி எங்கடா வைக்கிறது, என் தலையிலயா?" என்று கத்தினேன்.

போன வருடம் இப்படி வந்த தண்ணீரில்தான் நகத்தளவு அந்நியச் சிப்பி இறங்கி, கயிறெல்லாம் அப்பிக்கொண்டு, என் சிப்பிகளைப் பட்டினி போட்டே கொன்றது. இந்த முறையும் போனால் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான்.

உடனே படகை எடுத்துப் போய், கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் கொட்டும் துவாரத்துக்குக் கீழேயே நிறுத்தி உட்கார்ந்துகொண்டேன். படகுக்குள் தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. அதிகாரி மேலிருந்து, "பைத்தியமா உனக்கு? முழுகிடுவ!" என்றார். முழுகினால் முழுகட்டும் என்று அசையாமல் இருந்தேன். அதன்பிறகு பம்ப் நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை என்று முதலில் இங்கே துறைமுகக் காவல் ஆய்வாளரிடம் சொன்னது பொய். தம்பிக்குக் கைக்குழந்தை இருக்கிறது, வேலை போய்விடுமே என்ற பயம். ஆனால் தொட்டியைத் திறந்தவனே சாட்சி சொன்னால்தான் மீதித் தண்ணீரைத் தடுத்துச் சோதிக்க முடியும், இல்லையென்றால் மாலையில் மறுபடி திறந்துவிடுவார்கள் என்றார் ஆய்வாளர். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "உக்காருங்கம்மா, எழுதறவருக்குத் தலை சுத்துது" என்றார்.

அதன்பிறகு வெளியே போய், என் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் என்னடா செய்யட்டும் என்று கேட்டேன்.

"என் பேரைச் சொல்லிடுக்கா. வீட்டுல அவகிட்ட மட்டும் நீ சொல்லிடாத, நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

எனக்குச் சொன்னதும் பம்பை நிறுத்தியதும் என் தம்பிதான். இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, உண்மை. படித்துக்காட்டக் கேட்டு, சரியென்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)