ஒரு கட்டமும் காலியில்லை

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் விடுதியில் காபி என்று தருவது கறுப்பு வெந்நீர். மினசோட்டா குளிரில் அதற்கும் வாசல்வரை வரிசை நிற்கும்.

வீடில்லாதவர்களின் விவரங்களைக் கணினியில் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை. மாவட்டத்தின் விடுதிகள், இலவச உணவுக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பதிவேடு. பெயர், பிறந்த தேதி, நேற்று எங்கே தூங்கினார், இங்கிருந்து எங்கே போனார். கட்டங்கள் நிரம்பியிருந்தால் அரசாங்கம் அடுத்த ஆண்டும் படுக்கைகளுக்குப் பணம் தரும். ‘சொல்ல மறுத்தார்’ என்று போட்டால் அதுவும் பிழைக் கணக்கில்தான் சேரும். வருடாந்திரக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டுவார்கள், ஒருமுறை கேக்கும் வெட்டினார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

வரவேற்பு மேசையில் டெல்ஃபீன் இருக்கிறாள். இளகிய மனசுக்காரி. வந்தவர் முகத்தைச் சுளித்தாலே ‘சொல்ல மறுத்தார்’ போட்டுவிடுவாள். ஒருநாள் கண்டித்தேன்.

“தெருவுல நிக்கிறவங்ககிட்ட மிச்சம் இருக்கிறதே பேரு ஒண்ணுதான், வெர்னா. அதையும் புடுங்கணுமா?” என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அறிக்கையில் அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஜனவரியில் அந்தப் பெண் வந்தாள். பெயர் சொல்லவில்லை, விவரத்தை யாருக்கும் காட்டச் சம்மதிக்கவும் இல்லை. அது அவள் உரிமை. அதற்காகப் படுக்கை இல்லை என்று சொல்லக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். கணினி அவளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தது. தலையிலிருந்து கழற்றாத தொப்பியை வைத்து நாங்கள் பச்சைத் தொப்பி என்று கூப்பிட்டோம்.

மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காதவரிடம்தான் மனிதர்கள் மனம் திறப்பார்கள். ஒருநாள் உருளைக்கிழங்கைக் கரண்டியால் தள்ளிக்கொண்டே தன் பெயர் ட்ரெஸா மேப்ரி என்றாள். பிறந்த தேதியும் பேச்சுவாக்கில் வந்தது.

“என் வீட்டுக்காரரோட தம்பி பக்கத்து ஊரு உணவுக்கூடத்துல வேலை பாக்கிறான், மேடம். நீங்க பாக்கிற அதே ஸ்க்ரீனைத்தான் அவனும் பாக்கிறான். அதுல என் பேரு வந்துச்சுன்னா அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சிடும். இந்தத் தடவ கொன்னுடுவாரு.”

வானிலை சொல்வதுபோல் சொன்னாள். அவள் கையைப் பிடித்து, “எங்கிட்ட சொன்னது எங்கயும் போகாதும்மா” என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

மேசைக்குத் திரும்பி அந்தப் பெயரைத் தேடினேன். பழைய பதிவு ஒன்று இருந்தது. வீட்டைப் பறிகொடுத்துக் கணவனும் மனைவியும் வேறொரு விடுதியில் தங்கிய காலத்தது. அப்போது விவரத்தைக் காட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. எங்கள் தொழிலில் காலிக் கட்டத்தையாவது மன்னிப்பார்கள், இரட்டைப் பதிவை மன்னிக்கமாட்டார்கள். இரண்டையும் இணைத்தேன். இணைத்தால் பழைய சம்மதம் தானாகவே ஒட்டிக்கொள்ளும், அவள் பெயரும் இப்போது தூங்கும் இடமும் எல்லா ஸ்க்ரீனிலும் தெரியும். அது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்து அவளுடையது, நான் கள்ளக் கையெழுத்து எதுவும் போடவில்லை.

டெல்ஃபீன் அன்று மாலையே பார்த்துவிட்டாள். “அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல? பிரிச்சிடுங்க வெர்னா” என்று கெஞ்சினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, அறிக்கை போக வேண்டும். திங்கட்கிழமை பிரித்துவிடுவதாகச் சொன்னேன். பதிவைத் திருத்தும் அதிகாரம் எனக்கு மட்டும்தான்.

ட்ரெஸாவின் கணவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கத்தவில்லையாம், விடுதிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் பொறுமையாகக் காத்திருந்தானாம். நான் அப்போது தேவாலயத்தில் இருந்தேன். கத்தி அவனுடையது, ஐயா. அதை உங்கள் அறிக்கையில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை சொன்ன சொல் தவறாமல் பதிவைத் திறந்தேன். டெல்ஃபீன் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். ட்ரெஸாவின் பதிவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: இங்கிருந்து எங்கே போனார். எங்களுக்கு எப்போதும் தலைவலி தருவது அந்தக் கட்டம்தான். யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதற்கான பதில்களில் ‘இறந்துவிட்டார்’ என்பதும் ஒன்று. அது முழுமையான பதிலாகவே கணக்கில் வரும். அதைப் போட்டுச் சேமித்தேன்.

அதற்குப் பிறகு பிரிக்கவில்லை. பிரித்தால் மறுபடி பெயரில்லாத வெறும் எண்ணாகிவிடுவாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு அப்படியொரு அநியாயத்தைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.