ஐம்பத்து மூன்று வீடுகளின் பதில்கள்

போர்ட் பிளேரில் நல்ல பச்சை போஸ்டர் கலர் கிடைப்பது கஷ்டம். கல்கத்தாக் கப்பல் வந்தால்தான் உண்டு. அதனால் கருத்தரங்கு நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் நான் முதலில் செய்தது, ஜங்லிகாட் கடைகளில் மிச்சமிருந்த ஆறு புட்டிகளையும் வாங்கி வைத்ததுதான்.

விசாரணையில் நீங்கள் கேட்டிருப்பது இதை இல்லை என்று தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் சரியாக இருக்கும்.

1972 ஜனவரியில் எங்கள் ஆய்வு நிலையம் மூன்று நாள் பொதுக் கருத்தரங்கு நடத்தியது. பள்ளிக்கூட மண்டபத்தில் பகலில் கண்காட்சி, மாலையில் விவாதம். யார் வேண்டுமானாலும் வரலாம். விவாதப் பொருள் ஒன்றுதான். வடக்கு அந்தமானில் திக்லிபூரைத் தாண்டிக் கடலோரமாகப் பதினோராம் முகாம் என்று ஒரு குடியேற்றம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள், அறுபத்திரண்டு குடும்பங்கள். வாரத்துக்கு இரண்டு முறை அவர்களுக்குப் படகில் குடிதண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படகைத் தொடர்வதா, நிறுத்துவதா? நிறுத்தினால்தான் ஜனங்கள் சொந்தக் காலில் நிற்பார்கள் என்றது ஒரு கட்சி. நிறுத்தினால் ஜனங்களே இருக்கமாட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. ஆய்வு என்ன சொல்கிறதோ அதன்படி செய்வதாக மேலிடம் சொல்லிவிட்டது.

ஆய்வு என்றால் நான்.

பேராசிரியர் கல்கத்தாக்காரர். தமிழ் தெரியாது. எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து, "சிவஞானம், ஒரு வீடு விடக்கூடாது" என்று அனுப்பினார். போனேன். ஒன்பது வீடு வரை போனேன். மழையும் அட்டையும் இருந்தன என்றாலும் அவற்றைக் காரணமாகச் சொல்லமாட்டேன். ஒன்பது வீட்டிலும் ஒரே பதில். கிணறு உப்பு, ஓடை தை மாதத்தோடு வற்றிவிடும், படகு வராவிட்டால் குட்டைத் தண்ணீர்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நின்றார்கள். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "தண்ணி தூக்குவோம்" என்றார்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறையப் படிப்பவன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு கிராமத்தில் ஒன்பது பேர் இருந்தால் அந்தக் கதைகளில் ஒன்பது விதமான மனசு இருக்கும். பதினோராம் முகாமில் அப்படி இல்லை. மீதி ஐம்பத்து மூன்று படிவங்களையும் திக்லிபூர் ஓய்வு விடுதியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். நான்கு நாள் ஆயிற்று. சோம்பல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வீடு வீடாகப் போயிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுபாவம் கொடுத்தேன். ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் கண்ட ஒரு பிடிவாதக்காரர். ஓடையை மறித்துக் கல்லடுக்கிய அண்ணன் தம்பிகள், அவர்களுக்குள் சின்னப் பகை. 'படகு வரும் சத்தம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது' என்று சொன்ன ஒரு விதவை. பேராசிரியர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கண்காட்சிக்கு வட்ட வரைபடம் போட்டபோது 'தன்னிறைவு' என்கிற பச்சைப் பகுதி நூற்றுக்கு எண்பத்தைந்து வந்தது. ஆறு புட்டியும் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மேடையில் நிஜமான குடியேறி ஒருவர் பேச வேண்டும் என்றார் பேராசிரியர். "அந்த விதவையைக் கூப்பிடு." முகாமுக்குச் சொல்லி அனுப்பி, சந்திரமதி என்கிற பெண்ணைக் கப்பலில் வரவழைத்தேன். நான் போன ஒன்பது வீடுகளில் மிகக் குறைவாகப் பேசியவர் அவர்தான். கணவர் உயிரோடுதான் இருந்தார். அதை யாரும் கேட்கவில்லை.

அன்று கூட்டம் அதிகம். ஜங்லிகாட்டில் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸ் பாய்தான் மூன்று நாளும் டீ கொடுத்தார். "பேசுறவருக்கு ஒரு டீ போதும் தம்பி, கேக்குறவங்களுக்குத்தான் ரெண்டு வேணும். கஷ்டமான வேலை அவங்களுக்குத்தானே" என்றார். நானும் சிரித்தேன்.

சந்திரமதி மேடையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோட்டத்தில் அவர்கள் சொல்வதைக் கங்காணிதான் துரைக்குச் சொல்வாராம். கங்காணி பேசும்போது அவர் முகத்தைப் பார்ப்பது மரியாதை இல்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தார்.

"நாங்க அரிசி கேக்கல, துணி கேக்கல. தண்ணி கொண்டார அந்தப் போட்ட மட்டும் நிப்பாட்டிறாதீங்கன்னு சொல்லுங்க தம்பி. குட்டத் தண்ணி குடிச்சா புள்ளைங்க தங்காது. எம் மக இந்திராணிக்கு இப்பவே வயித்தால போவுது."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: 'நாங்கள் எதையும் கேட்டு வரவில்லை. எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து வளரட்டும்.'

இரண்டாவது வாக்கியம் எனக்கு இன்றும் பிடிக்கும். முன்வரிசை எழுந்து நின்று கைதட்ட, அதைப் பார்த்து மண்டபமே எழுந்து கைதட்டியது.

தோட்டத்துச் சங்கக் கூட்டங்களில் எல்லாரும் எழுந்து கைதட்டினால் கோரிக்கை நிறைவேறியது என்று அர்த்தமாம். சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏத்துக்கிட்டாங்களா தம்பி?"

"ஏத்துக்கிட்டாங்க அக்கா."

"போட்டு வரும்ல? இல்லாட்டி மலைக்கு அந்தப் பக்கம் வங்காளிங்க குடியிருப்புல நல்ல தண்ணி இருக்கு, அங்க போயிருவோம்னு எங்க வீட்டுக்காரு சொல்றாரு. பாதிச் சனம் மூட்ட கட்டி வச்சிருக்கு."

"எங்கேயும் போகாதீங்க. இருக்கிற இடத்திலேயே இருங்க. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் வரும்."

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தான். யோசித்துப் பாருங்கள். தன்னிறைவு பெற்ற அறுபத்திரண்டு குடும்பங்கள் கருத்தரங்கு முடிந்த மாதமே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினால் அறிக்கை என்ன ஆகும்? அது அச்சுக்குப் போய்விட்டது. முன்னுரையில் என் பெயர் இருந்தது.

பிப்ரவரி முதல் தேதி படகு நிறுத்தப்பட்டது. சந்திரமதி வீடு வீடாகப் போய்ச் சபையே எழுந்து கைதட்டியதைச் சொல்லியிருக்கிறார். கட்டிய மூட்டைகளை அவிழ்த்திருக்கிறார்கள். அவர் கணவர்தான் கடைசியாக அவிழ்த்தாராம். இருபத்து மூன்று நாள் கரையைப் பார்த்தபடி இருந்தார்கள். குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். பேதி கண்டது. இருபத்து நான்காம் நாள் அந்தப் பக்கம் போன மீன் படகுக்காரர்கள் பார்த்துத் தகவல் சொன்னார்கள். பத்தொன்பது பேர். அதில் பன்னிரண்டு குழந்தைகள். இந்திராணி நான்காவதாக இறந்தாள்.

தகவல் வந்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்த ஆண்டுக் கருத்தரங்கின் தலைப்பு 'ஏன் காத்திருந்தார்கள்?' நல்ல தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தும் அவர்கள் ஏன் நகரவில்லை என்பதுதான் ஆராய்ச்சி. தோட்ட வாழ்க்கை அவர்களுடைய முயற்சியைக் கொன்றுவிட்டது என்பது பேராசிரியரின் முடிவு. நான்கு தலைமுறை அடிமைத்தனம் என்று விளக்கப்படம் வேண்டும் என்றார். வரைந்து கொடுத்தேன். சந்திரமதியை மறுபடியும் மேடையேற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மனிதாபிமானத்தோடுதான் சொன்னேன்.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த அதிகாரிகள் இந்தியிலேயே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார்கள். நான் யோசிக்காமல் சரி என்றேன். இந்த முழு விஷயத்திலும் நான் செய்த தவறு என்றால் அதுதான். அந்த மண்டபத்தில் ஆங்கிலம் இருபது பேருக்குத் தெரியும். இந்தத் தீவில் இந்தி டீ கொடுப்பவருக்கும் தெரியும்.

சந்திரமதி சொன்னார்: "நாங்க ஒண்ணும் சும்மா குந்தியிருக்கல. இந்தத் தம்பிதான் போட்டு வரும், எங்கேயும் போகாதீங்கன்னு சொன்னாரு. அத நம்பித்தான் எம் புள்ளய மடியில போட்டுக்கிட்டுக் கரையில இருந்தேன்."

இந்த முறை அவர் தரையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'எல்லாம் கடவுள் விருப்பம், எங்களுக்கு யார் மேலும் குறையில்லை என்கிறார்' என்று இந்தியில் சொன்னேன்.

பின்னால் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "சாப், இஸ்னே ஏ நஹீ போலா." இந்த அம்மா சொன்னது இது இல்லை என்றார் குத்தூஸ் பாய். பிறகு சந்திரமதி சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், இந்தியில் சொன்னார். நடையில் அழகு எதுவும் இல்லை. என் பக்கம் வந்து தமிழில் மெதுவாகப் பேசினார். "ரெண்டு வருஷம் ஒனக்கு டீ ஊத்திக் குடுத்தேனே தம்பி. கை கூசுது."

யாரும் கைதட்டவில்லை.

நீங்கள் கேட்ட ஒப்புதல் இதோ. ஐம்பத்து மூன்று வீடுகளை எழுதியது நான். சந்திரமதி சொன்னதை இரண்டு முறையும் மாற்றியது நான். காத்திருக்கச் சொன்னதும் நான். போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, இதற்கு ஆங்கிலப் பிரதி வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார். வேறு ஆளைத் தேட வேண்டாம், நானே செய்து தருகிறேன். சில இடங்கள், முக்கியமாக இந்திராணி வருகிற இடம், தமிழில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. அதை மட்டும் சரிசெய்துவிடுகிறேன்.