கேட்டிலிருந்து வந்த கதாயுதம்

ஓலைக் கொட்டகையில் ஒரே ஒரு வெல்டிங் மிஷினோடு ஆரம்பித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வேலந்தாவளத்தில் பட்டறை போட்டேன், மாடி வீடு கட்டினேன். முதலமடை மாந்தோப்புகளில் பாதி இரும்புக் கேட்டு என் கை பட்டதுதான். நேற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் மடியில் நீளக் குழாய், அதன் உச்சியில் இரும்புக் குண்டு.

“கேட்டை அறுத்துக் கதாயுதம் செஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்க” என்றது அந்தம்மா. நான் காதைக் கொடுத்தேன்.

“இதைச் சுத்துனா தோளு இரும்பாயிரும் புள்ள. போன்ல பாத்தேன்.”

“அறுத்த சந்துல ஆடு பூந்து கருவேப்பிலைய மொட்டையடிச்சிருச்சு. இன்னைக்கே பட்டறைல குடுத்து மறுக்காப் பத்த வெச்சாவோணும்.”

“பத்து நாள் பொறு. எடுத்த எடுப்புல தலைக்குப் பின்னால சுத்துனது தப்பு. குண்டுக்குப் பக்கத்துல புடிச்சு மெதுவா ஆரம்பிக்கோணுமாம்.”

“தண்ணித் தொட்டி போச்சுங்களே.”

“தொட்டி ஒடைஞ்சுது. குண்டு அசைஞ்சுதா?”

அந்தம்மா குண்டைத் திருகிப் பார்த்தது. அசையவில்லை.

“செரி, பத்து நாளு. அந்தச் சந்துலயே நின்னு சுத்துங்க. ஆடும் உள்ள வராது.”

வேலந்தாவளத்தில் இறங்கியவர்கள் பட்டறைப் பக்கமே வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டைச் செய்து, அதன் உச்சியில் அந்தக் குண்டைப் பத்த வைத்தவன் நான். நாளைக்கு அவர் தோள் இரும்பானால், அதில் பாதி என் வெல்டிங் என்று அவர் ஊரறியச் சொல்லியாக வேண்டும்.