சனிக்கோளுக்கு ரெண்டு லென்ஸ்

...வானம் எல்லாருக்கும் பொதுன்னு சொன்னதும் கை தட்டுறீங்க. தட்டாதீங்க. தட்டுறது சுலபம். அது நெஜமாவே பொதுவா இருக்கான்னு பாக்கலாம், ஒரு குட்டிக் கதை இருக்கு, காதைக் கொடுங்க.

ஒரு ஊர். பேரு வேணாம், சொன்னா நாளைக்கே எம்மேல கேஸ் போடுவாங்க. அந்த ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்கு சுகிர்தன்னு ஒரு காலேஜ் வாத்தியார் டெலஸ்கோப் கொண்டு வந்தார். பொழுது சாஞ்சதும் சனிக்கோளைக் காட்டப் போறார். ஆமா, ஏழரை வருஷம் பிடிச்சு ஆட்டும்னு எள்ளு விளக்கு போடுறீங்களே... அதே சனிதான். ஊரே வந்துடுச்சு. காலனியும் வந்துடுச்சு.

அப்ப ஊர்ப் பெரியதனக்காரர் ரங்கராசு முன்னால வந்தார். மெதுவா, மரியாதையாத்தான் கேட்டார். "சார், அவங்க கண்ணு வெச்ச இடத்துல எங்க ஆளுங்க எப்படி சார் கண்ணு வெப்பாங்க? வேற குழாய் இருக்கா?"

கேட்டீங்களா? டீக்கடையில தனி டம்ளர் பாத்திருக்கோம். சனிக்கோளுக்குத் தனி டம்ளர் பாத்திருக்கோமா?

சுகிர்தன் நல்ல மனுஷன். ஆனா நல்ல மனுஷங்களுக்கு ஒரு வியாதி உண்டு... எதுக்குப் பிரச்சனைன்னு நெனைப்பாங்க. "குழாய் ஒண்ணுதான் சார். கண்ணு வைக்கிற லென்ஸ் மட்டும் ரெண்டு இருக்கு, மாத்தி மாத்தி மாட்டிக்கலாம்"னு பெட்டியைத் தொறந்தார். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ரங்கராசு எதைக் கேட்டிருப்பார்? சொல்லுங்க... ஆங், பெருசைத்தான். பெரிய மனுஷன் இல்லையா.

விஷயம் என்னன்னா, அந்தப் பெரிய லென்ஸ் கொஞ்சமாத்தான் பெருசாக்கிக் காட்டும். சிறுசுதான் கிட்டத்துல கொண்டு வரும். வாத்தியார் சொல்ல வாயெடுத்தார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார், நீங்க மாட்டுங்க"ன்னுட்டார் ரங்கராசு.

ஊர்க்காரங்க பாத்தாங்க. அரிசி மணி அளவுல மஞ்சளா ஒரு புள்ளி. "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை எள்ளு வாங்கினோம்?"னு முணுமுணுத்துக்கிட்டே நகந்தாங்க.

அப்புறம் சிறுசை மாட்டி காலனிக்குக் காட்டினார். முதல் ஆள் அன்னக்கொடி. ரங்கராசு சூளையில செங்கல் அறுக்கிற பொண்ணு. குனிஞ்சவ நிமிரவே இல்ல.

"என்னடி தெரியுது?"ன்னா பின்னால நின்னவ.

"வளையம்..."

"என்ன வளையம்?"

"அதைச் சுத்தி ஒரு வளையம்டி. அதைத் தொடாம, அந்தரத்துல நிக்குது." சொல்லும்போதே அவ கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஊர்ப் பக்கம் சலசலப்பு. எங்களுக்கு வளையம் தெரியலையேன்னு வாத்தியாரைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் ரெண்டு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். ரங்கராசு முகம் போன போக்கைப் பாக்கணுமே. ஆனா சமாளிச்சுக்கிட்டார். "சரி சார். அந்தச் சிறுசைக் கழட்டி, நல்லாத் தொடச்சு, இப்படிக் கொடுங்க."

வாத்தியார் கழட்டிட்டாருங்க. பாக்கெட்டுல இருந்து துணியையும் எடுத்துட்டார். எனக்கு அந்த இடத்துல அவர் மேல வர்ற கோபம் ரங்கராசு மேல கூட வரலை.

அன்னக்கொடி அவர் கையில இருந்த லென்ஸை வாங்கி உள்ளங்கையில மூடிக்கிட்டா. "தொடைக்கக் கூடாது சார்."

"குடும்மா. லென்ஸ் அது, தூசி கீசி இருந்தா..."

"தூசிக்குன்னா தொடைங்க. என் கண்ணு பட்டுச்சுன்னு தொடைக்கக் கூடாது."

ரங்கராசு சொன்னார், "ஏய் அன்னக்கொடி... நாளைக்கு நீ என் சூளைக்குத்தான் வரணும். ஞாபகம் வெச்சுக்கோ."

அவ மூடின கையைத் தொறக்கலை. மூடிக்கிட்டேதான் பேசினா. "வேலை குடுத்தா செய்யறேங்கய்யா, குடுக்கலைன்னா வேற சூளை பாத்துக்கறேன். ஆனா யாரு இதுல பாக்கறதா இருந்தாலும், நான் கண்ணு வெச்ச இடத்துலயே வெச்சுப் பாக்கட்டும். எங்க ஆளுங்களுக்குப் பின்னால வரிசையில நின்னு பாக்கட்டும். முடியாதுன்னா அரிசி மணியைப் பாத்ததே போதும்னு வீட்டுக்குப் போங்க."

ரங்கராசு வேட்டியை மடிச்சுக் கட்டினார். "எல்லாரும் கிளம்புங்க"ன்னார். பாதிப் பேர் கிளம்பினாங்க. அவர் சம்சாரம் செண்பகவல்லி கிளம்பலை.

"என்ன நிக்கிற? வா."

"நீங்க போங்க. நான் பாத்துட்டு வரேன்."

நேரா போய் காலனி வரிசையில கடைசி ஆளா நின்னாங்க. வாத்தியார் துணியைப் பாக்கெட்டுல வெச்சுட்டு, லென்ஸை வாங்கித் தொடைக்காமலே திரும்ப மாட்டினார். அவங்க முறை வந்ததும் அன்னக்கொடி "வாங்கக்கா"ன்னா. அதுவரைக்கும் அவங்களை 'அம்மா'ன்னுதான் கூப்பிட்டிருக்கா. செண்பகவல்லி குனிஞ்சு கண்ணை வெச்சு, ரொம்ப நேரம் பாத்துட்டு, "அட, ஆமா"ன்னாங்க.

இப்ப நீங்க சொல்லுங்க. சனியில பட்டுத் திரும்பற வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. அவ்வளவு தூரம் வந்த வெளிச்சம், யார் வீட்டுக் கண்ணுன்னு விசாரிச்சுட்டா உள்ள போச்சு? அந்த வளையம் பூரா பெரும்பாலும் பனிக்கட்டி. பனிக்கட்டின்னா தண்ணி. தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் இந்தப் பிரபஞ்சம் பொறந்த காலத்துலயே பொறந்தது. அதேதான் ரங்கராசு உடம்புல ஓடுது. அதேதான் அன்னக்கொடி கண்ணுல இருந்து வழிஞ்சுது. அது பொறந்தப்ப மேலத்தெரு இருந்துச்சா? கீழத்தெரு இருந்துச்சா? பூமியே இல்லையேப்பா...

இதை ஏன் இங்க வந்து சொல்றேன்? நான் மேடை ஏறுறதுக்கு முன்னால, உங்க ஊர் கமிட்டிக்காரர் ஒருத்தர் என்னைத் தனியா கூப்பிட்டார். பணிவாத்தான் சொன்னார். "அம்மா, அடுத்த வாரம் நம்ம ஊர்லயும் வானம் காட்டப் போறீங்க. வம்பு எதுக்கு? இந்தத் தெருவுக்கு வெள்ளிக்கிழமை, அந்தத் தெருவுக்கு ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கலாமே." யோசிச்சுச் சொல்றேன்னேன்.

யோசிச்சுட்டேன். மைக்லயே சொல்றேன்... முடியாது.

அண்டத்துக்கே நடுன்னு ஒரு இடம் கிடையாதுங்க. எந்த நட்சத்திரக் கூட்டத்துல நின்னு பாத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்க மட்டும் நடுவுல நாற்காலி போட்டு உக்காந்து, யார் என்னிக்கு வானத்தைப் பாக்கணும்னு தீர்ப்பு சொல்லுவீங்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரே நாள். அந்தத் தெருக்காரங்க முதல்ல வந்து நிக்கிறதாச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்குப் பின்னால நெறைய இடம் இருக்கு, நீங்களும் வாங்க.