உப்பு நீர்க் குளத்தின் கைப்பிடி

உப்புத் தண்ணீரில் நீந்தினால் கண் எரியாது, சார்ஜென்ட். டவுன்ஸ்வில் வெயிலுக்கு எங்கள் தெருவில் நீச்சல் குளம் இல்லாத வீடு கிடையாது. எல்லாரும் எப்போதோ உப்புக்கு மாறிவிட்டார்கள். நாங்கள்தான் கடைசி. என் கணவர் டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, தினமும் காலையில் அரை மணி நேரம் தண்ணீரில் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். குளோரின் தூள் கொட்டிய தண்ணீரில் அவருடைய தோல் சிவந்து தடித்தது. அதனால் மாற்றினேன். அவருடைய நன்மைக்காகத்தான்.

வாரிக் என்பவர் வந்து பொருத்தினார். நரைத்த தாடி, நிதானமான மனிதர். பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. குளத்தில் பத்து மூட்டை உப்பு. பெட்டிக்குள் ஓடும் மின்சாரம் அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்கிக்கொள்ளும். கிளம்பும்போது படியோரக் கைப்பிடிக் கம்பியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நோலீன், இதோட அடி போல்ட்டெல்லாம் சாதாரண இரும்பு. உப்புத் தண்ணி அரிச்சுத் தின்னுடும். சீக்கிரம் மாத்திடுங்க. அவரு இதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இறங்குறாரு?"

"ஆமா. மாத்திடறேன்," என்றேன். அப்போது மாற்றத்தான் நினைத்தேன்.

அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். டெஸ்மண்ட் தங்கமான மனிதர் என்றிருப்பார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அது உண்மைதான். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மக்கு" என்பார், விருந்தாளிகள் முன்னாலும். ஒருமுறை என் கையைக் கார் கதவில் வைத்து நசுக்கினார். இடது மணிக்கட்டு இன்றைக்கும் சரியாக மடங்காது. மூளையில் செத்துப்போன பகுதியோடு அவருக்கு அந்த ஞாபகமெல்லாம் போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

வாரிக் வந்துபோன அந்த வாரமே, டோஸ்ட் தின்றுகொண்டிருந்தவர் என் கையைப் பார்த்தார்.

"கை என்னாச்சு, நோலீன்?"

"கார் கதவுல மாட்டிக்கிச்சு."

"அடடா. நான் பக்கத்துல இல்லையா?"

"இருந்தீங்க."

"நல்லவேளை," என்று மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தார்.

புதுக் கம்பிக்காக வாரிக்கைக் கூப்பிட அன்று போனை எடுத்திருந்தேன். கீழே வைத்துவிட்டேன்.

ஏழு மாதம் ஆயிற்று. போல்ட்டைச் சுற்றிக் கல்லில் காவிக் கறை இறங்கும். டெஸ்மண்ட் கண்ணில் படாமல் எலுமிச்சம்பழம் தேய்த்துத் துடைத்துவிடுவேன். அவர் எழுமுன் கம்பியை மெல்ல அசைத்துப் பார்ப்பேன். நடுவில் வாரிக் போனில் கேட்டார், "கம்பி மாத்தியாச்சா?" மாற்றியாயிற்று என்றேன்.

வழக்கமாக அவருக்கு முன்னால் நான் தண்ணீரில் இறங்கி நிற்பேன். செவ்வாய்க்கிழமை நான் உடை மாற்றவில்லை. கம்பி பெயர்ந்து அவரோடு உள்ளே விழுந்தது. அவருக்கு இடது கை, இடது கால் இரண்டும் வராது. ஒருமுறை மேலே வந்தார்.

"மன்னிச்சிடு நோலீன்... கம்பிய உடைச்சிட்டேன்."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். ஆனால் அது கம்பிக்கான மன்னிப்பு. எனக்கானதும் வரும் என்று, கையில் துண்டோடு ஓரத்தில் நின்றேன். இன்னும் இரண்டு முறை மேலே வந்தார். கை எட்டும் தூரம்தான். தண்ணீர் அசைவது நின்ற பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

நான் அவரை அவசரப்படுத்தவில்லை, சார்ஜென்ட். சொல்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.