இங்கிலீஷ் ஃப்ளாப்பிக்கு நம்பர் போட்ட கதை

…சோம்பேறிங்க அந்தக் குப்புராஜ்! எங்க காலேஜ் பெயிண்டரு. பெஞ்சு, ஃபேனு, பீரோ, எல்லாத்துலயும் ஸ்டாக் நம்பர் எழுதணும்ங்கறது ரூலு. கம்ப்யூட்டர்ல போடற பாடம்னு வந்தது ரெண்டே ஃப்ளாப்பி. ஒண்ணுல எழுதிட்டு, பெயிண்டு தீந்துபோச்சுன்னு போயிட்டான்! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ரெண்டாவதும் முடியலன்னா மெமோடான்னு பீரோ சாவியக் குடுத்துட்டுத்தான் மொரப்பூர்ல ரயிலேறுனேன். நானு இன்னாசிராஜுங்க, இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டு. அந்த ஜன்னல கொஞ்சம் ஏத்துங்க… ஆங்.

கம்ப்யூட்டர் எதுக்கா? இங்கிலீஷ் சொல்லித்தரத்தாங்க! கணக்கு வாத்தியாரு வெங்கடாசலம் அப்பவே சிரிச்சாரு. செருப்ப வெளிய வுட்டுட்டு, ஒரே பொட்டி முன்னாடி முப்பத்திரண்டு தலைங்க. ஃப்ளாப்பியச் சொருவுனா கேள்வி வரும். வத்தல்மலைப் புள்ள ஒண்ணு, சென்னம்மாள்னு, வருசம் பூரா வாயத் தெறக்காதது, ஒத்த வெரலால பதில் அடிச்சுது. ‘வெரி குட்’னு வந்துது பாருங்க! கிளாஸே கைதட்டுச்சு. இருவது வருசத்துல நானு யாருக்கும் அதச் சொன்னதில்லீங்க…

இப்ப மூணு நாளா மெஷினு ஃப்ளாப்பியப் படிக்கவே மாட்டேங்குது. திங்கக்கெழம யுனிவர்சிட்டி கமிட்டி வருது. ஓடலன்னா பொட்டி வெங்கடாசலத்துகிட்டப் போயிரும். அதான் சேலத்துல காட்டலாம்னு… இந்தாங்க, நம்பர் போட்ட ஃப்ளாப்பி, பாருங்க. காலேஜ் பேரு, டிபார்ட்மென்ட்டு, நம்பரு, வருசம் எண்பத்தேழு. எழுத்து மணிமணியா இல்ல?

என்னங்க… பாங்குல கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா! நானா பேச வுடல? சரி, சொல்லுங்க… இந்த நீளமான ஓட்டை வழியாத்தான் படிக்குமா? இதுமேலயா பெயிண்டு…

காலேஜ் பேரச் சுருக்காத, ரெண்டு கோட்டு பெயிண்டு அடின்னு பக்கத்துலயே நின்னு சொன்னது… நான்தாங்க.

இன்னொண்ணுலயும் இதே பாடந்தான், நகலுங்க. அதப் போட்டுப் பாக்கலியான்னா… நம்பர் போடாத பொருள எப்படிங்க உபயோகிக்கறது? ரூலு இருக்குதுல்ல! அது பீரோவுல பத்திரமா…

ஐயோ! சாவியையும் குடுத்து, சாயங்காலத்துக்குள்ளன்னேனே!

நவுருங்க, நவுருங்க! பொம்மிடியிலயே எறங்கிர்றேன். மொரப்பூருக்குத் திரும்ப வண்டி எத்தன மணிக்குங்க? அந்தோணியாரே, அந்தக் குப்புராஜ் இன்னிக்கு ஒரு நாளு சோம்பேறியாவே இருக்கட்டும்!