சேதுபதி வரும் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கம்பெனி ஸ்டோருக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருக்கும். அமீரகத்தில், அல் ஐனின் சனாயா என்கிற தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த ஸ்டோரில், ஹெல்மெட்டும் கையுறையும் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒரு கருப்பசாமி படம் வைத்திருந்தேன். ஊரில் எங்களுடையது சாமியாடுகிற குடும்பம். அதனால் முடிவெடுக்கத் திணறுகிற எங்கள் பக்கத்து ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். ஊரில் என்றால் பூக்கட்டிப் பார்ப்போம். இங்கே ஒரு பொட்டலத்தில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம். கேட்பவர் ஒன்றை எடுக்க வேண்டும். திருநீறு வந்தால் சாமி சம்மதம். குங்குமம் வந்தால் வேண்டாம். நான் நேர்மையாகக் கட்டுகிறவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

சேதுபதி என் அறையில் கீழ்க்கட்டிலில் படுப்பவன். சைட்டில் சாரம் கட்டுகிற வேலை. அவன் கட்டிக்கொள்ளவிருந்த வடிவு அல் ஐனிலேயே ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்தாள். போனில் அவன் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டியா, புள்ள?" மேல்கட்டிலில் படுத்தபடி இரண்டு வருடம் அதைக் கேட்டேன். போனிலிருந்து கசியும் அவள் பதிலையும் கேட்டேன். அது எனக்குச் சொல்லும் பதில் என்று எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

2007 ஜூலையில் ஏணி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. இடது கை மரத்துப்போனது. வடிவு அவனை ஸ்டோருக்கு இழுத்து வந்தாள்.

"சரவணண்ணே, நீங்களாவது சொல்லுங்க. ஊருக்குப் போயிப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்னு டாக்டர் சொல்றாரு. இவரு கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு மாப்ள மாதிரி திரியிறாரு."

"மூச்சு வாங்குறதுக்கெல்லாம் பிளேன் ஏறுனா ஏர்போர்ட்டுல சிரிப்பாய்ங்கண்ணே," என்றான் சேதுபதி. "கருப்பன் சொல்லட்டும், போறேன்."

"போனா ஒரேயடியாப் போறதுதான். நானும் விசாவக் கேன்சல் பண்ணிட்டுப் பின்னாடியே வந்துடுவேன்," என்றாள் அவள்.

அதைக் கேட்ட பிறகுதான் பொட்டலம் மடிக்க அலமாரிக்குப் பின்னால் போனேன். இரண்டிலும் குங்குமம் வைத்தேன்.

"பாத்தியா, கருப்பன் நம்ம கட்சி," என்று சேதுபதி ஒன்றை எடுத்து வடிவிடம் பிரித்துக் காட்டிச் சிரித்தான்.

அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சாரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். கருப்பன் நினைத்திருந்தால் அவன் கையில் அந்தக் குங்குமத்தைத் திருநீறாக்கியிருக்கலாமே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உடலை ஊருக்கு அனுப்பிய பின் வடிவு ஸ்டோருக்கு வந்தாள். "ஒரே ஒரு தடவ பேசணும்ணே. அவர வரச் சொல்லுங்க."

சாம்பிராணி போட்டாள். நடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதுகில் ஏறிய நடுக்கம் நான் வரவழைத்தது அல்ல. "சாப்பிட்டியா, புள்ள?" என்று என் வாய் கேட்டது. அது யாருடைய குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சிமெண்டுத் தரையில் விழுந்து அழுதாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை சொன்னது யார் என்பதில் சந்தேகமில்லை. "சரவணனக் கட்டிக்க. அவன் மேல வந்து ஒங்கூடவே இருப்பேன்." அது நான்.

அடுத்த லீவில் கல்யாணம் நடந்தது. அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவள் அதன்பின் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. ஆறு நாளும் சோறு போடுகிறாள், துணி மடிக்கிறாள், நான் பேசினால் தலையாட்டுகிறாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு சாம்பிராணியோடு என் முன்னால் வந்து உட்காருகிறாள். முதல் நாள் வந்த நடுக்கம் திரும்ப வரவேயில்லை. வாரா வாரம் நானே நடுங்கிக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவனிடம் கேட்டாள்: "அன்னைக்கு ஏன் மாமா நீங்க ஊருக்குப் போகல?"

உண்மையை அவன் குரலில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். "சாமி சொல்லுச்சுல்ல, புள்ள," என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்தான் அழுகிறான் என்று நினைத்து முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். கல்யாணமான பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை.

அவள் கையை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அழுகை நின்ற பிறகும் அழுதேன்.